எதிர்வீட்டுக்கு 1913, எங்க வீட்டுக்கு யாரு?

கேள்வி: வணக்கம் சார். நாங்க 2020ல மேடவாக்கத்துல, பள்ளிக்கரணையை ஒட்டின ஒரு தெருவுல ஃப்ளாட் வாங்கினோம். பில்டர் "சிஎம்டிஏ அப்ரூவ்டு, சென்னை 100"னு சொல்லித்தான் வித்தாரு. தெரு முனையில குப்பை மலையா கிடக்கு, மழை பெஞ்சா தண்ணி வடியவே மாட்டேங்குது. கார்ப்பரேஷன் புகார் நம்பர் 1913க்கு ஃபோன் பண்ணா உங்க வீடு எங்க லிமிட் இல்லம்மா, பஞ்சாயத்துக்கு சொல்லுங்கன்றாங்க. பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டா அந்த முனை கார்ப்பரேஷன்றாங்க. எதிர்வரிசை வீட்டுக்கு கார்ப்பரேஷன் வண்டி வருது, எங்களுக்கு வரல. 2022ல மேயர் எலெக்‌ஷனுக்கு என் வீட்டுக்காரர் பூத்துக்கு போனா லிஸ்ட்ல பேரே இல்ல, ஆனா எம்.பி. எலெக்‌ஷன்ல தென்சென்னைக்கு ஓட்டு போட்டோம். போலீஸ் தாம்பரம் கமிஷனர்ன்றாங்க, கலெக்டர் செங்கல்பட்டுன்றாங்க. நாங்க எந்த ஊர்தான் சார்? யார்கிட்ட போய் நிக்கிறது? கூடிய சீக்கிரம் கார்ப்பரேஷனோட சேர்க்கப்போறாங்கன்னு பேச்சு அடிபடுது, அதுவரைக்கும் பொறுத்துக்கிட்டு இருந்தா போதுமா?

பதில்: வணக்கம்மா. நகரமைப்பு ஆலோசனைன்னு என்கிட்ட வர்ற புறநகர்க்காரங்கள்ல பாதிப்பேர் கேக்குறது இதேதான், கோவிலம்பாக்கம், நன்மங்கலம், முடிச்சூர்னு ஊர் பேர் மட்டும் மாறும். உங்களை ரெண்டு ஆபீஸும் பந்தாடுறாங்கன்றது புரியுது, அந்த அலைச்சல் நியாயமே இல்ல. ஆனா முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், "நாங்க எந்த ஊர்"ன்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில் கிடையாது. ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் தனக்கு வேண்டிய மாதிரி, தனக்கு வேண்டிய வருஷத்துல, தனித்தனியா ஒரு மேப் போட்டு வச்சிருக்கு, அந்த மேப்புங்க ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும்னு யாரும் போடல. அதனால நீங்க கேக்க வேண்டியது "இந்த வேலை யாரோடது, இந்த இடம் அவங்க மேப்புல இருக்கா"ன்னுதான். இப்படி கேக்க ஆரம்பிச்சாலே பாதி அலைச்சல் குறையும்.

உங்க வீட்டையும் எதிர்வரிசை வீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. எதிர்வரிசை பள்ளிக்கரணை, 2011ல சென்னை மாநகராட்சி விரிவாக்கத்துல சேர்ந்துச்சு, அப்ப 42 உள்ளாட்சிகளை சேர்த்து 174 சதுர கிலோமீட்டரா இருந்ததை 426 ஆக்குனாங்க, வார்டு 155லேர்ந்து 200 ஆச்சு. பள்ளிக்கரணை அதுக்கு முன்னாடி பேரூராட்சி. பக்கத்துலயே இருக்குற மேடவாக்கம் அந்த லிஸ்ட்ல வரல, அது ஊராட்சியாவே நின்னுடுச்சு, பரங்கிமலை ஊராட்சி ஒன்றியத்துல. ஆக எதிர்வீட்டுக்கு உள்ளாட்சி பெருநகர சென்னை மாநகராட்சி, பெருங்குடி மண்டலம். உங்களுக்கு மேடவாக்கம் ஊராட்சி. எதிர்வீட்டுக்கு கலெக்டர் சென்னை, உங்களுக்கு செங்கல்பட்டு. வித்தியாசம் இந்த ரெண்டுலதான். பின்கோடு ரெண்டு பேருக்கும் 600100, போலீஸ் ரெண்டு பேருக்கும் தாம்பரம் கமிஷனரேட், எம்.எல்.ஏ. ரெண்டு பேருக்கும் சோழிங்கநல்லூர், எம்.பி. ரெண்டு பேருக்கும் தென்சென்னை. நாலு விஷயத்துல நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு, ரெண்டு விஷயத்துல வேற வேற, ஆனா குப்பை, தெருவிளக்கு, வீட்டு வரி, பட்டான்னு தினப்படி வாழ்க்கையில முட்டுறது எல்லாம் அந்த ரெண்டுலதான் இருக்கு, அதனாலதான் இவ்வளவு குழப்பம்.

ஏன் இப்படின்னு கேட்டீங்கன்னா, ஒவ்வொரு கோட்டையும் போட்டவங்க வேற, காரணம் வேற. பின்கோடு 1972ல தபால் துறை கொண்டுவந்தது, தபால் எந்த ஆபீஸ்லேர்ந்து டெலிவரி ஆகுதுன்றதை வச்சு, அவ்வளவுதான் அதோட வேலை. தாம்பரம் 600045, ஆவடி 600054, ரெண்டுமே 600ல ஆரம்பிக்குது, ரெண்டும் சென்னை மாவட்டம் இல்ல. விலாசத்துல சென்னைன்னு போட்டுக்குறதால மாநகராட்சி ஆகிடாது, இதை வச்சுத்தான் நிறைய ஃப்ளாட் விளம்பரம் ஓடுது. சட்டமன்ற தொகுதி ஜனத்தொகையை வச்சு பிரிச்சது, அதுல மாநகராட்சி வார்டும் ஊராட்சியும் கலந்து வரலாம், தப்பு கிடையாது. போலீஸ் கமிஷனரேட் 2022 ஜனவரி 1லேர்ந்து, சென்னையை மூணா பிரிச்சு தாம்பரம், ஆவடின்னு ரெண்டு புதுசா போட்டாங்க, அது சட்டம் ஒழுங்கு வசதிக்கு, அதனாலதான் மாநகராட்சிக்குள்ள இருக்குற பள்ளிக்கரணைக்கும் கமிஷனர் தாம்பரத்துல இருக்காரு. போலீஸ்ல "தாம்பரம்"னு சொன்னதை வச்சு நீங்க தாம்பரம் மாநகராட்சியோன்னு நினைச்சுடாதீங்க, அது 2021 நவம்பர்ல தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்னு அஞ்சு நகராட்சியும் கூட அஞ்சு பேரூராட்சியும் சேர்ந்து ஆனது, மேடவாக்கம் அதுலயும் வரல.

அப்புறம் சிஎம்டிஏ, அதாவது சென்னை பெருநகர் வளர்ச்சிக் குழுமம். இது ரொம்ப பேர் ஏமாறுற இடம்மா. சிஎம்டிஏ எல்லை வேற, மாநகராட்சி எல்லை வேற. சென்னை பெருநகர் பகுதின்னு சொல்றது 1189 சதுர கிலோமீட்டர், மாநகராட்சியை விட ரெண்டரை மடங்குக்கு மேல, அதுல நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லாம் அடக்கம். 2022ல அதையும் 5904 சதுர கிலோமீட்டரா விரிக்க ஆணை வந்துச்சு. சிஎம்டிஏ பாக்குறது நிலத்தை எதுக்கு பயன்படுத்தலாம், கட்டடம் எவ்வளவு உயரம், பக்கத்துல எவ்வளவு இடம் விடணும், இதெல்லாம்தான். குப்பை அள்ளுறது, குடிதண்ணி குடுக்குறது அவங்க வேலை இல்ல. உங்க பில்டர் சொன்னது பொய் இல்ல, சிஎம்டிஏ அப்ரூவ்டுதான், சென்னை 100தான். ஆனா அந்த ரெண்டு வார்த்தையும் சேர்ந்து உங்க காதுல "சென்னை கார்ப்பரேஷன்"னு விழுந்திருக்கு, அப்படி விழணும்னுதான் சொல்லியிருப்பாரு. இதை படிக்கிறவங்க யாராவது இனிமே புறநகர்ல வீடு பாக்கப்போறீங்கன்னா, "உள்ளாட்சி எது, கடைசியா கட்டின வீட்டு வரி ரசீது காமிங்க"ன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்வி போதும்.

உங்க வீட்டுக்காரர் ஓட்டு விஷயத்துக்கு வர்றேன். அவர் பேர் விடுபடலம்மா. 2022 பிப்ரவரி 19ல நடந்தது நகர்ப்புற உள்ளாட்சி தேர்தல், மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்கு மட்டும். உங்க ஊராட்சிக்கு அதுக்கு முன்னாடியே 2021 அக்டோபர்ல முடிஞ்சிருச்சு, செங்கல்பட்டு உள்பட 9 மாவட்டத்துக்கு அப்ப நடந்துச்சு. அதுல ஒருத்தருக்கு நாலு ஓட்டு, வார்டு உறுப்பினர், ஊராட்சி தலைவர், ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர்னு. அன்னிக்கு நீங்க போகலன்னா நாலு ஓட்டையும் விட்டுட்டீங்க. எனக்கு இதுதான் ரொம்ப வருத்தமா இருக்குற விஷயம், ஃப்ளாட்ல குடியேறுறவங்க நாங்க சிட்டி ஆளுங்கன்னு நினைச்சு பஞ்சாயத்து தேர்தல் பக்கமே போறதில்ல, அப்புறம் பஞ்சாயத்து நம்மளை கண்டுக்கலன்னு வருத்தப்படுறாங்க.

சரி, குப்பைக்கு வருவோம். உங்களுக்கு தெரிஞ்ச விலாசம் தெரு பேரும் பின்கோடும். அரசு ஆபீஸ்ல நிலத்தோட விலாசம்னா வருவாய் கிராமமும் சர்வே நம்பரும்தான். உள்ளாட்சி, ரெவின்யூ, பத்திரப்பதிவு, சிஎம்டிஏ எல்லாரும் ஒத்துக்குற அடையாளம் அது ஒண்ணுதான். உங்க கிரயப்பத்திரத்தை எடுங்க, கடைசி பக்கங்கள்ல சொத்து விவரம்னு, ஷெட்யூல்னு சொல்வாங்க, அங்க மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, நாலு பக்க எல்லை எல்லாம் இருக்கும். கூடவே தாய்ப்பத்திரத்தையும் பாத்தீங்கன்னா அதே நிலத்துக்கு வேற மாவட்ட பேர் இருக்கும், பயந்துடாதீங்க. 1997 வரைக்கும் அது செங்கல்பட்டு மாவட்டம், எம்.ஜி.ஆர் பேரோட, அப்புறம் காஞ்சிபுரம், 2019 நவம்பர்லேர்ந்து திரும்பவும் செங்கல்பட்டு. வட்டமும் மாறியிருக்கும். நிலம் நகரல, அது மேல ஒட்டுன லேபிள்தான் மாறிக்கிட்டே இருந்திருக்கு.

இப்ப கவனமா கேளுங்க, இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. குப்பைக்கு வேண்டியது உங்க வீட்டு சர்வே நம்பர் இல்ல, குப்பை கிடக்குற இடத்தோட சர்வே நம்பர். நீங்க 1913ல உங்க வீட்டு விலாசத்தை சொல்லியிருக்கீங்க, அவங்களும் உங்க வீடு லிமிட் இல்லன்னு கட் பண்ணியிருக்காங்க. பஞ்சாயத்துக்காரங்க குப்பை கிடக்குற முனையை பாத்து அது கார்ப்பரேஷன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு பேர் சொன்னதும் உண்மையா இருக்கலாம், ஏன்னா ரெண்டு பேரும் பேசுனது வேற வேற இடத்தை பத்தி! தெருவுக்கும் சர்வே நம்பர் உண்டு. அரசோட பட்டா சிட்டா பாக்குற இணையதளத்துலயே புலப்படம், எஃப்எம்பி ஸ்கெட்ச்னு சொல்றது கிடைக்கும், உங்க சர்வே நம்பரை போட்டா பக்கத்துல எந்தெந்த நம்பர் ஒட்டியிருக்குன்னு தெரியும். அதுல குழம்பினீங்கன்னா விஏஓவை, அதாவது கிராம நிர்வாக அலுவலரை போய் பாருங்க, எல்லை எங்க ஓடுதுன்னு கிராம வரைபடத்தை பாத்து சொல்ல வேண்டியது அவர்தான்.

விஏஓன்ன உடனே இன்னொண்ணு. விஏஓ ரெவின்யூ ஆளு, தாசில்தாருக்கு கீழ. பட்டா, அடங்கல், சான்றிதழ் விசாரணை இதெல்லாம் அவர்கிட்ட. ஊராட்சி செயலர் வேற ஆளு, பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு கீழ வருவாரு, வீட்டு வரி, குழாய் கட்டணம், தெருவிளக்கு, குப்பை இதெல்லாம் அவர்கிட்ட. ரெண்டு பேர் ஆபீஸும் சில ஊர்ல பக்கத்து பக்கத்துல இருக்கும், மக்கள் ரெண்டு பேரையும் ஒரே ஆபீஸ்னு நினைச்சு விஏஓகிட்ட போய் தெருவிளக்கு எரியலன்னு சொல்லிட்டு வர்றாங்க. ஒன்றிய ஆபீஸ்லயும் பிடிஓ ரெண்டு பேர் இருப்பாங்க, கிராம ஊராட்சிகளை பாக்குறவர் ஒருத்தர், ஒன்றியத்தை பாக்குறவர் ஒருத்தர். உங்களுக்கு வேண்டியது கிராம ஊராட்சி பிடிஓ. தலைவரோட பதவிக்காலம் முடிஞ்சு தேர்தல் நடக்காம இருக்குற சமயத்துல தனி அலுவலர் இருப்பாரு, அப்பவும் வேலை நிக்கக்கூடாது, மனு அவர் பேருக்கு போகணும்.

தெருவிளக்குலயே கூட ரெண்டு பேர் இருக்காங்க. பல்பு எரியலன்னா உள்ளாட்சி. கம்பம் சாஞ்சிருக்கு, ஒயர் தொங்குதுன்னா மின்வாரியம், 94987 94987க்கு சொல்லணும். ரோடும் அதே கதை, உங்க தெரு ஊராட்சி ரோடா இருக்கும், கொஞ்சம் பெரிய இணைப்பு ரோடு ஒன்றியத்தோடதா இருக்கலாம், வேளச்சேரி தாம்பரம் மெயின் ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறை, மேடவாக்கம் மேம்பாலத்தை கட்டுனதும் அவங்கதான். அந்த மெயின் ரோட்டோரம் ஓடுற வடிகாலும் அவங்க பொறுப்பு. அங்க அடைப்புன்னா ஊராட்சியை திட்டி பிரயோஜனம் இல்ல.

மழைத்தண்ணிதான் உண்மையிலேயே கஷ்டமான விஷயம். குப்பையை ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு பிரிச்சுடலாம், தண்ணியை அப்படி பிரிக்க முடியாது, அது பள்ளத்தை பாத்துத்தான் போகும். உங்க பக்கத்து தண்ணி எல்லாம் போய் சேர்ற இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். வழியில தெருவுல இருக்குற வரைக்கும் அது ஊராட்சி, மெயின் ரோட்டோரம் போனா நெடுஞ்சாலைத் துறை, கோட்டை தாண்டினா மாநகராட்சி, ஏரியோ அதோட கால்வாயோ வந்தா நீர்வளத்துறை, சதுப்பு நிலத்துக்குள்ள போனா வனத்துறை, 2022லேர்ந்து அது ராம்சார் தளமும் கூட, அதாவது உலக அளவுல முக்கியம்னு அறிவிச்ச ஈரநிலம். ஒரே தண்ணி, அஞ்சு ஆபீஸ். இதுல ஒருத்தர் தன் பக்கம் வடிகாலை பெருசா கட்டி அடுத்தவர் பக்கம் சின்னதா விட்டா எல்லைக்கிட்ட தேங்கும், உங்க தெருவுல நடக்குறது அதுவா இருக்கலாம்னு நினைக்கிறேன், நேர்ல ஒரு இன்ஜினியர் மட்டம் பாத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும்.

இந்த மாதிரி எல்லை தாண்டுற விஷயத்துக்கு கோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் இருக்குற ஆபீஸ்ல எத்தனை தடவை போனாலும் தீராது. கோட்டோட ரெண்டு பக்கமும் யாரோட மேப்புல இருக்குன்னு பாருங்க. கலெக்டர் மேப்புல இல்ல, உங்க கலெக்டர் வேற அவங்க கலெக்டர் வேற. ஆனா எம்.எல்.ஏ. மேப்புல ரெண்டும் இருக்கு. அவருக்கு ரெண்டு பக்கமும் ஓட்டு இருக்கு, தொகுதி மேம்பாட்டு நிதியை ரெண்டு பக்கமும் செலவு பண்ண முடியும், மாநகராட்சி ஜோன் ஆபீசரையும் பிடிஓவையும் ஒரே இடத்துக்கு வரவழைக்க முடியும். எதிர்வரிசைக்காரங்களையும் சேர்த்துக்கிட்டு ஒரே மனுவா எம்.எல்.ஏ. ஆபீஸ்ல குடுங்க, "கூட்டு ஆய்வு வேணும்"னு அதே வார்த்தையில எழுதுங்க. எதிர்வீட்டுக்கு கார்ப்பரேஷன் வண்டி வந்தாலும் தண்ணி அவங்க வீட்டு வாசல்லயும்தானே நிக்குது, கட்டாயம் கையெழுத்து போடுவாங்க.

ஊராட்சி மேல கோவம் வர்றது நியாயம், ஆனா அவங்க நிலைமையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க. 2011 மக்கள்தொகை கணக்கெடுப்புலயே மேடவாக்கம் சென்சஸ் டவுன். அப்படின்னா 5000 பேருக்கு மேல ஜனம், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்கு மேல நெருக்கம், வேலைக்கு போற ஆம்பளைங்கள்ல முக்கால்வாசிப் பேர் விவசாயம் இல்லாத வேலைன்னு இருந்தா அதை நகரம்னு கணக்குல எழுதிக்குவாங்க, ஆனா நிர்வாகம் கிராம ஊராட்சிதான். அடுக்குமாடி நிறைஞ்ச ஒரு டவுனை கிராமத்துக்குன்னு போட்ட ஆள் பலத்தோட, 1994 ஊராட்சிகள் சட்டத்தோட நடத்த சொல்றாங்க. இது அந்த செயலரோட தப்பு இல்ல, மேல இருக்குறவங்க வருஷக்கணக்கா தள்ளிப்போடுற முடிவு, இதை நான் எங்க வேணாலும் சொல்வேன்.

அதுக்காக இணைப்பு வர்ற வரைக்கும் பொறுத்திருங்கன்னு சொல்ல மாட்டேன். ஒரு நாள் சேர்த்துட்டாலும் எல்லா மேப்பும் அன்னிக்கே மாறாது. அம்பத்தூர் 2011ல சென்னை மாநகராட்சிக்குள்ள வந்துச்சு, ஆனா 2018 வரைக்கும் அது திருவள்ளூர் மாவட்டம்தான். ஏழு வருஷம் குப்பைக்கு சென்னை மாநகராட்சியோட ரிப்பன் மாளிகை, கலெக்டர்கிட்ட வேலைன்னா திருவள்ளூர்னு இருந்தாங்க. வரி ஏறும், குப்பை வண்டி வரும், கிராம சபை போயிடும். பாதாள சாக்கடையும் மெட்ரோ வாட்டர் லைனும் உடனே வந்துடாது, அது தனி திட்டம், தனி நிதி, ரோட்டை தோண்டி பல வருஷம் பண்ற வேலை. இணைப்புக்கு நான் எதிரி இல்ல, உங்க ஊர் மாதிரி இடத்துக்கு அது வேணும்னுதான் நினைக்கிறேன். ஆனா அதை நம்பி இன்னிக்கு கைல இருக்குறதை விட்டுடாதீங்க.

கைல இருக்குறதுன்னா கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு தடவை கூடும். உங்க ஊராட்சி வாக்காளர் லிஸ்ட்ல பேர் இருக்குற யார் வேணாலும் போய் வரவு செலவு கேக்கலாம், தீர்மானம் போட சொல்லலாம். எதிர்வீட்டுக்காரங்களுக்கு இந்த உரிமை இப்படி நேரடியா கிடையாது. உங்க அப்பார்ட்மெண்ட்லேர்ந்து இருபது பேர் போய் உக்காந்தா அந்த கூட்டமே வேற மாதிரி இருக்கும். உங்க தீர்மானத்தை மினிட்ஸ் புக்ல எழுதுறாங்களான்னு பாத்துட்டுத்தான் கையெழுத்து போடணும், கூட்டம் ஆரம்பிக்கும்போதே வெத்து பக்கத்துல கையெழுத்து கேட்டா போடாதீங்க.

அந்த குப்பை முனைக்கு இப்ப உடனே பண்ண வேண்டியது ஒரு ஆர்டிஐ மனு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல போடுற மனு. "மேடவாக்கம் கிராமம், இன்ன சர்வே எண்ணுக்கு வடக்கே இருக்குற இந்த தெருமுனையில குப்பை அகற்றும் பொறுப்பு எந்த உள்ளாட்சியோடது, அதுக்கான எல்லை ஆவணத்தோட நகல் வேணும்"னு ஊராட்சிக்கு ஒண்ணு, மாநகராட்சி பெருங்குடி மண்டலத்துக்கு ஒண்ணு. கட்டணம் 10 ரூபாய், 30 நாள்ல பதில் குடுக்கணும். தகவல் தன்கிட்ட இல்லன்னா மனுவை உங்ககிட்ட திருப்பிக் குடுத்து அலையவிடக்கூடாது, 6(3) பிரிவுப்படி 5 நாளுக்குள்ள அவங்களே சரியான ஆபீஸுக்கு அனுப்பிட்டு உங்களுக்கு தகவல் சொல்லணும். வாயால "எங்க லிமிட் இல்ல"ன்னு சொல்றது சுலபம், எழுத்துல போட்டா நாளைக்கு அவங்களை அது கட்டும். "எங்க பொறுப்பு இல்ல"ன்னு ரெண்டு ஆபீஸும் எழுதிக் குடுத்தாலும் நல்லதுதான், அந்த ரெண்டு பதிலையும் சேர்த்து பின் பண்ணி திங்கட்கிழமை செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல குடுங்க, அதோட நகலை சென்னை மாநகராட்சி கமிஷனருக்கு பதிவுத்தபால்ல போடுங்க. மனு குடுத்த ரசீதும், நகல்ல சீலும் வாங்காம மட்டும் வெளிய வந்துடாதீங்க.